அப்பா மூச்சு வாங்கிய இடம்

— நிறுத்து ரெக்ஸ். அந்த எடத்த இன்னொரு வாட்டி போடு.

— விடிஞ்சதுலேர்ந்து இதத்தான் போட்டுக்கினு இருக்கோம் சந்தியா. உங்கப்பா வாட்சப்புல பேசி அனுப்பியிருக்காரு. வாங்கன்றாரு, போறோம். இதுல திரும்பத் திரும்பக் கேக்கறதுக்கு இன்னா இருக்குது?

— போடுன்னா போடேன். மொதல்லேர்ந்து.

— சரி, இந்தா. கேளு.

— "அம்மா சந்தியா. அப்பா பேசறேன். நடந்தது நடந்துபோச்சி. நாங்க எல்லாத்தையும் மறந்துட்டோம். நீயும் மாப்பிள்ளையும் எங்க இருந்தாலும் கெளம்பி வாங்க. ஞாயித்துக்கெழம வூட்ல விருந்து. கச்சிராயபாளையத்துல... எறங்கி நின்னா சித்தப்பா கார் எடுத்துக்கினு வருவாரு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. உன்னப் பாக்கணும்னு சொல்றா. தைரியமா வாங்க."

— தோ பாரு, மாப்பிள்ளன்றாரு. கண்ணாலம் ஆனதுலேர்ந்து என் பேரக்கூட வாயால சொல்லாத மனுசன். எனக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல தெரியுமா?

— எனக்கு அதுதான் சந்தேகமா இருக்குது.

— உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? நேத்து பலாப்பழம் விக்க வந்தவனப் பாத்துட்டுக் கதவச் சாத்திக்கினு நின்ன. இந்தக் கரியாலூர் மலைல யாரு வந்து நம்மளத் தேடப்போறாங்க? எங்க அக்கா இங்க நர்ஸா இருக்கறதே உங்க ஆளுங்களுக்குத் தெரியாது.

— பாக்கியம் அண்ணி புண்ணியத்துல சாத்திக்கறதுக்கு ஒரு கதவாச்சும் இருக்குது. பேச்ச மாத்தாத. இதக் கேட்டா எங்கப்பா பேசற மாதிரியா இருக்குது?

— குரல் அவருதுதான?

— குரல் அவருதுதான். பேச்சு அவருது இல்ல.

— அது எப்டிச் சொல்ற? எனக்கெங்க தெரியும்? நான் அவர நேர்ல பாத்ததே ஒரு வாட்டிதான். நான் வேல பாத்த லேப் வாசல்ல உங்க சித்தப்பா ஆளுங்க என் பைக்கக் கொளுத்தினப்ப. அன்னிக்கும் அவர் வாயத் தொறக்கல.

— நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையா கேப்பியா?

— சொல்லு. பதினோரு மணி பஸ்ஸுக்கு நேரம் இருக்குது.

— மாசித் திருவிழா நாடகத்துல அப்பா தளபதி வேஷம் கட்டுவாரு இல்ல?

— தெரியுமே. எங்க லாரன்ஸ் மாமா வருசா வருசம் போயி பாத்துட்டு வந்து அதே மாதிரி பேசிக் காட்டும்.

— தெரைக்குப் பின்னால நின்னு வசனம் எடுத்துக் குடுத்தவ நான். எட்டாவது படிக்கறப்பலேர்ந்து. அவரு ஒரு வார்த்த மறக்கமாட்டாரு, அது வேற விஷயம். ஆனா நான் பின்னால நிக்கலன்னா அவருக்குப் பேச வராது. அதனால அவரு எங்க மூச்சு வாங்குவாரு, எங்க நிறுத்துவாருன்னு எனக்கு அத்துப்படி.

— சரி. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?

— அந்த நாடகத்துல கடைசிக்கு முன்ன ஒரு தனி வசனம் வரும். ராத்திரி. கோட்டைக் கதவாண்ட தளபதி ஒண்டியா நிக்கறாரு. வெளிய நின்னு கதவத் தட்டறது அவரு புள்ளதான். எதிரியோட சேந்துட்டு, அடிபட்டுத் திரும்பி வந்திருக்கான். தொறந்தா ராஜாவுக்குத் துரோகம். தொறக்கலன்னா புள்ள செத்துப் போயிடுவான்.

— ம்.

— "திறப்பதா? யாருக்காகத் திறப்பது? அவன் என் மகன். ஆனால், அவன் கையிலே பகைவன் தந்த வாள். வாளை எறிந்துவிட்டேன் என்கிறான். ஆனால், எறிந்த வாளை எடுக்க எத்தனை நேரமாகும்? நான் தந்தை. ஆனால், என் முதுகுக்குப் பின்னே ஊரே உறங்குகிறதே!"

— ஏய், நல்லா பேசறியே நீ.

— நான் பேசறது கெடக்கட்டும். அந்த வசனம் எப்டிப் போவுதுன்னு பாரு. மொதல்ல எல்லாம் கேள்வி. அப்புறம் ஒரே ஆளு ரெண்டு ஆளா பிரிஞ்சி நின்னு சண்ட போடறாரு. ஒரு ஆனால் வந்தா இந்தாண்ட திரும்பறாரு, இன்னொரு ஆனால் வந்தா அந்தாண்ட. போவப் போவ கேள்வி கம்மியாயிக்கினே வரும். கடைசியில ஒரு கேள்வியும் இருக்காது. அப்ப எதிர்ல உக்காந்திருக்கற ஜனத்துக்கே தெரிஞ்சிடும், ஆளு முடிவு பண்ணிட்டாருன்னு. அவரு வாயால சொல்லக்கூட வேணாம்.

— அது நாடகம் சந்தி. இது வாட்சப்பு.

— எங்கப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மூங்கில்துறைப்பட்டு சக்கர மில்லுல கரும்பு வெட்ட உத்தரவு தள்ளிப்போச்சின்னா வரப்புல நடந்துக்கினே தனக்குத்தானே பேசுவாரு. போயி கேக்கலாமா? கேட்டா அந்த ஆளு மூஞ்சியக் காட்டுவானே? ஆனா கேக்கலன்னா கரும்பு காஞ்சிடுமே? பக்கத்து நெலத்துக்காரங்க சிரிப்பாங்க. என்னக் காலேஜில சேக்கறதுக்கு ஒரு வாரம் அப்டிப் பேசினாரு. அந்த மனுசன், ஓடிப்போன பொண்ணத் திருப்பிக் கூப்புடறதுக்கு ஒரு கேள்வி இல்லாம, ஒரு ஆனா இல்லாம பேசுவாரா?

— மன்னிச்சிட்டவரு எதுக்கு ஆனா போடணும்?

— மன்னிக்கறவருக்குத்தான் ரெக்ஸ் ஆனா வேணும். நீ பண்ணது அக்கிரமம், ஆனா வந்து தொல. அதான் மன்னிப்பு. அப்பா என்ன ஒரு வார்த்த திட்டாம வாம்மான்னு கூப்புடறாருன்னா, அது அவரு கூப்புடறது இல்ல.

— திட்டினாலும் கஷ்டம், திட்டலன்னாலும் கஷ்டம். நல்லா இருக்குது நாயம்.

— இன்னொண்ணு. அம்மா சந்தியான்னு ஆரம்பிக்கறாரு. என்ன அவரு பேரு சொல்லிக் கூப்ட்டதே கெடையாது. பாப்பான்னுதான் கூப்புடுவாரு. கோவம் வந்தா மூதேவி.

— ரெண்டு மாசம் கழிச்சிப் பேசறாரு. கூச்சம் இருக்காதா?

— கூச்சப்படறவரு நாங்க மறந்துட்டோம்னு சொல்லுவாரா? அந்த நாங்க யாரு? அம்மா பாக்கணும்னு சொல்றா. சித்தப்பா கார் எடுத்துக்கினு வராரு. இவரு இன்னா பண்றாரு? இவருக்கு என்னப் பாக்கணும்னு இருக்குதா இல்லயா? பேசறது மட்டுந்தான் இவரு. அந்தப் பேச்சுக்குள்ள எங்கயுமே இவரு இல்ல.

— சந்தி...

— இரு, முடிச்சிடறேன். கச்சிராயபாளையத்துலன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு வாங்கறாரே, கேட்டியா? அங்க நிறுத்தவே கூடாது. வாக்கியம் பாதியில நிக்குது. இத்தன வருசத்துல அவரு பாதி வாக்கியத்துல மூச்சு வாங்கி நான் கேட்டதே இல்ல. அப்டின்னா காகிதத்துல அங்க ஒரு வரி முடியுது. சித்தப்பா எழுதிக் குடுத்திருக்காரு. அப்பா அதப் பாத்துப் படிக்கறாரு.

— படிச்சாதான் இன்னா? எங்க அக்கா சர்ச்சுல ஜெபத்தப் பாத்துத்தான் படிக்கும். அதுக்குன்னு அதுல மனசு இல்லன்னு ஆயிடுமா?

— ஜெபம் வேற. பெத்த பொண்ண சாப்புடக் கூப்புடறதுக்கு எதுக்கு இன்னொருத்தன் எழுதித் தரணும்?

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சிக்காத. உனக்குள்ள பயம் இருக்குது. அந்த பயம்தான் மூச்சையும் ஆனாவையும் எண்ணிக்கினு உக்காந்திருக்குது. அவரு அழுதுக்கினே பேசியிருந்தாலும் நடிக்கறாருன்னுதான் சொல்லியிருப்ப.

— இருக்கலாம்.

— எனக்கு இங்க முடியல சந்தி. வேல போச்சி. எங்க அம்மா வூட்டப் பூட்டிக்கினு எஸ்தர் சித்தி வூட்ல போயி கெடக்குது. சர்ச்சுக்குப் போனா யாரும் பக்கத்துல உக்காரலயாம். நம்மளால எங்க தெருவுக்குத் தொந்தரவுன்னு ஒதுங்கறாங்க. ஒரு மனுசன் வாங்கன்னு கூப்ட்டதும் நான் எழுந்து நின்னுட்டேன். அது தப்பா?

— தப்பில்ல. ஆனா ரம்யாவயும் இப்டித்தான் கூப்ட்டாங்க.

— யாரு ரம்யா?

— எங்க பெரியம்மா பொண்ணு. உங்கிட்ட சொன்னதில்ல. அவளும் ஒரு பையனக் கட்டிக்கினு திருப்பூர் போயிட்டா. எல்லாம் மறந்தாச்சி, ஆடிக்கி வாங்கன்னு கூப்ட்டாங்க. அவன் வேலையில இருந்தான், இவ மட்டும் சந்தோசமா வந்தா. புதுப் பொடவ வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம் ஒருநாள் வயித்துவலி தாங்காம பூச்சி மருந்து குடிச்சிட்டாளுன்னு சொன்னாங்க. நாங்க போறதுக்குள்ள எரிச்சிட்டாங்க. அவ புருசன் வந்தப்ப சாம்பல் தான் இருந்துச்சி.

— கர்த்தரே.

— சித்தப்பாதான் முன்ன நின்னு எல்லாம் பண்ணாரு. எல்லாம்னா, எல்லாம்.

— உங்கப்பா?

— அப்பா மூணு நாளு சாப்புடல. யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல. வரப்புக்குக்கூட போவல. அவ்ளோதான் அவரால முடிஞ்சது.

— இத ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லல?

— சொன்னா நீ என்னக் கட்டிக்கமாட்டன்னு நெனச்சேன்.

— லூசு.

— உஷ். வண்டிச் சத்தம். நம்ம வாசல்ல தான் நிக்குது.

— ஜன்னலாண்ட போவாத! இந்தாண்ட வா. நான் பாக்கறேன்.

— இன்னா வண்டி?

— காரு.

— இன்னா கலரு?

— வெள்ள.

— சித்தப்பா காரு வெள்ளதான் ரெக்ஸ்.

— இரு. ரெண்டு பேரு எறங்கறாங்க. ஒருத்தன் இங்கதான் வரான். கதவு தாப்பாள் போட்டிருக்குது இல்ல?

— போட்டிருக்குது. பின்னால வழி இருக்குதா?

— பின்னால பாற. பேசாத... இரு இரு. பின்சீட்டுல பசங்க இருக்குதுங்க. எதுரு வூட்டு அம்மாகிட்ட இன்னாவோ கேக்கறான். அருவிக்கு வழி கேக்கறான் சந்தி. பாண்டிச்சேரி நம்பரு. குளிக்க வந்தவங்க.

— போயிட்டாங்களா?

— போறாங்க. மூச்சு வுடு.

— நீ இன்னும் ஜன்னல வுட்டு நகரல ரெக்ஸ்.

— ஒண்ணும் இல்ல.

— இல்ல, என்னமோ இருக்குது. இங்க யாரு வருவாங்கன்னு இப்பதான் என்னக் கேட்ட. அப்புறம் எதுக்கு இப்டி பயந்த? என்னப் பாத்துச் சொல்லு.

— பதில் போட்டுட்டேன் சந்தி.

— இன்னா பதில்? யாருக்கு?

— அந்த நம்பருக்கே. காலைல நீ குளிச்சிக்கினு இருந்தப்ப. வரோம்னு போட்டேன்.

— வெறும் வரோம்னா?

— கரியாலூர்லேர்ந்து பதினோரு மணி பஸ்ஸுல வரோம் மாமான்னு.

— ரெக்ஸ்!

— எனக்கு இன்னா தெரியும்? ரம்யா கதையெல்லாம் நீ இப்பதான சொல்ற? ஒடம்பு சரியில்லாதவங்க காத்துக்கினு இருப்பாங்களேன்னு போட்டேன். அத்தைக்கு ஒடம்புக்கு இன்னா, டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட் எதனா இருந்தா எடுத்து வைங்க மாமா, நான் வந்து பாக்கறேன்னு அதுலயே கேட்டிருந்தேன்.

— ரிப்போர்ட்டா கேட்ட?

— லேப்ல வேல பாத்தவன் வேற இன்னாத்தக் கேப்பேன்?

— போனக் காட்டு. இந்த நம்பரு அப்பாவுது இல்ல. சித்தப்பாவுது. நீ பாக்கலயா?

— வூட்ல யாரு போனா இருந்தா இன்னான்னு நெனச்சேன். கோவிச்சிக்காத சந்தி. அடிக்கணும்னா அடி.

— அடிக்கற நேரமா இது? பதினோரு மணி பஸ்ஸுல நாம எறங்கலன்னா கார் அங்கயே நிக்கும்னு நெனச்சியா? மலை ஏறும். கரியாலூர் இன்னா கள்ளக்குறிச்சியா? பாக்கியம் நர்ஸ் வூடு எதுன்னு கேட்டா சின்னப்புள்ள கூட கையக் காட்டும்.

— போலீசுக்குப் போலாம். கள்ளக்குறிச்சி எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுக்கலாம்.

— கள்ளக்குறிச்சிக்கு கச்சிராயபாளையம் வழியா தான போவணும்?

— அப்ப மேல போவோம். வெள்ளிமலை போயி, கருமந்துறை வழியா அந்தாண்ட எறங்கினா சேலம். அங்க ஜூலியா இருக்கறா, என்கூடப் படிச்சவ. அவ வூட்டுக்காரரு வக்கீலு. அவரக் கூட்டிக்கினு அங்கயே மனு குடுத்துடலாம்.

— வண்டி?

— அக்காவுக்குத் தெரிஞ்ச ஜீப்காரரு இருக்காரு. கடுக்காய் மூட்ட ஏத்திக்கினு அந்தப் பக்கந்தான் போவாரு. இரு, அக்காவுக்குப் போன் பண்றேன்.

— பண்ணு. நான் துணிய எடுத்து வெக்கறேன். கண்ணாலப் பத்திரம் எங்க?

— அக்கா பைபிளுக்குள்ள. எடுத்துக்கோ... அலோ, அக்கா? நான்தான். கேள்வி கேக்காத, சொல்றதக் கேளு. நீ வூட்டுக்கு வராத. ஆஸ்பத்திரியிலயே இரு. யார் வந்து கேட்டாலும் எங்களப் பாக்கலன்னு சொல்லு. ஜீப்ப வாசலுக்கு அனுப்பு. ஆமா, இப்பவே. அழாத. அனுப்பு.

— இன்னா சொன்னாங்க?

— அனுப்பறேன்னிச்சு. கால் மணி நேரம் ஆவுமாம். சோறு வடிச்சி வெச்சிருக்கேன், சாப்ட்டுட்டுப் போங்கன்னு அழுவுது.

— பாவம் அண்ணி. அவங்களுக்கும் சேத்து வெனையக் கொண்டாந்துட்டோம்.

— நான்தான் கொண்டாந்தேன்.

— வுடு. பைய மூடு, ஜிப்பு மாட்டிக்குது.

— சந்தி, போன் அடிக்குது.

— அண்ணியா?

— இல்ல. பேரு இல்லாத நம்பரு.

— எடுக்காத.

— அடிச்சிக்கினே இருக்குது.

— குடு. நான் எடுக்கறேன். ஸ்பீக்கர்ல போடு. நீ பேசாத.

— அலோ... அலோ? பாப்பா? நான்தான். அப்பா. நீ பஸ் ஏறிட்டியா? ஏறலல்ல? சொல்லு, ஏறலதான?

— ஏறலப்பா.

— ஏறல. நல்லது. ஏறாத. இன்னா மணி இப்ப? இல்ல, மணி கெடக்குது. சாப்ட்டியா? அந்தத் தம்பி எங்க, பக்கத்துல கீறானா?

— ரெக்ஸ், கேள்வி கேக்கறாரு.

— உஷ், பேசு நீ.

— பக்கத்துலதான்ப்பா இருக்காரு. யாரு போன்லேர்ந்து பேசற நீ?

— உரம் எறக்க வந்த டிரைவரு போனு. என் போன சித்தப்பன் வாங்கி வெச்சிக்கினான். நம்பர மனப்பாடம் பண்ணிக்கினு ஓடியாந்தன். மோட்டார் கொட்டாயில நிக்கறன். பாப்பா, உனக்கு அறிவுகீதா? ம்? படிச்சவதான நீ? எவன் இன்னா சொன்னாலும் வரோம்னு கெளம்பிடுவியா? மூதேவி! ரம்யா கதி தெரிஞ்சவதான நீ? ஆனா உன்னச் சொல்லி இன்னா பண்றது. ஆனா, ஒரு வார்த்த யோசிக்க வேணாமா?

— திட்டறாரு ரெக்ஸ். அப்பா என்னத் திட்டறாரு.

— எதுக்கு அழுவற? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. அழாத. இல்ல, அழு. ஆனா சத்தமா அழாத.

— இல்லப்பா. சொல்லு. திட்டு.

— நான் அனுப்பினேனே, அந்தப் பேச்ச நீ கேட்டியா?

— கேட்டேன். காலைலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன்.

— எப்டி இருந்துச்சி?

— மோசமா இருந்துச்சிப்பா. நீ அவ்ளோ மோசமாப் பேசி நான் கேட்டதே இல்ல.

— மோசமாவா? உன் சித்தப்பன் வெங்கடேசனே கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சான். இத்தக் கேட்டா கல்லுகூட வரும்னான்.

— நான் வரலியே.

— ஆமா. நீ வரல. உன் காது வேற காது. அந்தக் கச்சிராயபாளையம்னு சொல்ற எடத்துல நிறுத்திட்டன். கார் அங்க நிக்கும். அந்த எடத்த சொல்லிட்டா முடிஞ்சிது. அடுத்த வார்த்த வரல. வெங்கடேசன் அத்தக் கவனிக்கல.

— அம்மாவுக்கு நெசமாலுமே ஒடம்பு சரியில்லயா?

— உங்கம்மாவுக்கு இன்னா கேடு? வூட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ வரன்னு கறி எடுக்கச் சொல்லியிருக்கறான் சித்தப்பன், அத்த நெசம்னு நம்பிக்கினு கீறா. பாப்பா, காலைல ஒரு பதில் வந்துச்சி. எல்லாருக்கும் எதுருல வெங்கடேசன் சத்தமாப் படிச்சான். வரோம் மாமான்னு. அத்தோட, அத்தைக்கு இன்னா ஒடம்புக்கு, ரிப்போர்ட் எடுத்து வைங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பொய்யாச் சொன்ன நோவுக்கு ரிப்போர்ட் கேக்கறான் பாருன்னு சிரிச்சாங்க. எனக்கு உக்கார முடியல. எழுந்து வெளிய வந்துட்டன்.

— அது ரெக்ஸ் போட்டதுப்பா.

— தெரியும். உனக்கு அந்தப் புத்தி ஏது? தம்பிகிட்டக் குடு.

— மாமா, நான் ரெக்ஸ் பேசறேன்.

— தம்பி.

— சொல்லுங்க மாமா.

— உன் பைக்க நான் கொளுத்தல. ஆனா கொளுத்தறப்ப அங்க நின்னுக்கினு இருந்தன்.

— தெரியும் மாமா. பாத்தேன்.

— தடுக்கல.

— அது போவட்டும் வுடுங்க.

— போவாது. அது எங்க போவும்? சரி, கேட்டுக்கோ. ரெண்டு காரு. ஒண்ணு பஸ் ஸ்டாண்டுல, ஒண்ணு டேம் ரோட்டுல. பதினோரு மணி பஸ்ஸ எதிர்பாத்துக்கினு நிக்கறாங்க. நீங்க அதுல எறங்கலன்னா மேல ஏறுவாங்க. உனக்கு அதுவரைக்கும்தான் நேரம். புரியுதா?

— புரியுது மாமா. பையெல்லாம் கட்டிட்டோம். ஜீப்பு வருது.

— கட்டிட்டீங்களா? இப்பத்தானா?

— இல்ல மாமா. உங்க பேச்ச கேட்டதுமே சந்தியா கண்டுபுடிச்சிட்டா. சித்தப்பா எழுதிக் குடுத்து நீங்க படிக்கறீங்கன்னு ஒவ்வொரு வரியா புட்டு வெச்சா. நான்தான் நம்பல.

— அப்டியா சொன்னா?

— ஆமாம்ப்பா. இதுல ஒரு கேள்வி இல்ல, ஒரு ஆனா இல்ல, நான்னு ஒரு வார்த்த இல்ல, இது அப்பா இல்லன்னு சொன்னேன்.

— ஒரு ஆனா கூட இல்லியா...

— அப்பா? இருக்கியா?

— கீறன். கீறன் பாப்பா.

— நீயும் வந்துடுப்பா. அங்க இருக்காத. நீ எங்களுக்குச் சொன்னது தெரிஞ்சா உன்னச் சும்மா வுடமாட்டாங்க.

— ஆமா மாமா, வந்துடுங்க. அத்தையையும் இட்டுக்கினு வந்துடுங்க. ஒரு பஸ் புடிச்சீங்கன்னா போதும், நாங்க எங்க இருப்போம்னு சொல்லிடறேன். இங்கேர்ந்து நேரா வெள்ளி—

— தம்பி, வாய மூடு!

— மாமா?

— சொல்லாத. எந்தாண்ட எறங்கறீங்க, யாரு வூட்டுக்குப் போறீங்க, ஒண்ணும் எங்கிட்டச் சொல்லாத. உங்க போன் நம்பரத் தூக்கிப் போட்டுடு.

— ஏம்ப்பா அவர அதட்டற? உன்னை நம்பித்தான சொல்றாரு?

— நம்ப வேணாம்னுதான் சொல்றன். பாப்பா, நல்லா கேட்டுக்கோ. இப்ப பேசறனே, இந்த மனசு எனக்குக் காலைலதான் வந்துச்சி. நேத்து இது இல்ல. நாளைக்கி இருக்குமான்னு எனக்கே தெரியல. கோயிலாண்ட நாலு பேரு ஒரு மாதிரி பாத்தாங்கன்னா, என் தம்பி வெங்கடேசன் வந்து கால்ல வுழுந்தான்னா, நான் மறுபடியும் உன்னக் கூப்புடுவன். பாப்பான்னு கூப்புடுவன். கேள்வி கேப்பன், திட்டுவன், ஆனா ஆனான்னு சொல்லுவன், அழுவன். இந்த வாட்டி எங்க மூச்சு வாங்கணும்னு எனக்குத் தெரியும். நீ எடுக்காத.

— இன்னாப்பா பேசற? ரெக்ஸ், ஜீப்பு வந்துடுச்சி, ஆரன் அடிக்கறாங்க. அப்பா, பக்கத்துல யாரு இருக்கா? சித்தப்பாவா? அவரு கேக்கறாரா?

— யாரும் இல்ல. டிரைவரு கூட அந்தாண்ட பீடி புடிச்சிக்கினு நிக்கறான். நான் ஒண்டிதான்.

— அப்புறம் யாருக்குப் பயந்துக்கினு சொல்லாதன்ற?

— எனக்குத்தான். அந்தப் பேச்ச எழுதினவன் உன் சித்தப்பன் இல்ல பாப்பா. நான்தான்.